சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை முடிவு

படகை விட்டு இறங்குவதற்கு முன்பே அவருடைய வலது கை மேலே போய்விடும். போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டுதான் கரையேறுவார். தலையில் இருக்க வேண்டிய துண்டு இரண்டு காதையும் மூடி, தாடைக்குக் கீழே முடிச்சாகியிருக்கும். "ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. இங்கன யாரும் ஒண்ணும் சொல்லப்படாது" என்று சொல்லிக்கொண்டே ஐஸ் பெட்டிகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவில் நடந்து வருவார். ஏலம் கூவுகிறவர்கூட அவர் தாண்டிப் போகும்வரை கூவுவதை நிறுத்திவிடுவார். முந்தின நாள் போர்ச்சுக்கலில் நடந்த கால்பந்து ஆட்டத்தின் முடிவு அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும். பாம்பன் துறையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அந்த வருஷம் பல மாதம் இப்படித்தான் போயின.

அவர் விசைப்படகு டிரைவர். பெயர் வேண்டாம், ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் டிரைவரண்ணன். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன். கடலைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலக்கும். அக்காள்மடம் மெயின்ரோட்டில் செல்போன் கடை போட்டது பிழைப்புக்காக. கடைக்கு வருகிறவர்கள் போனைக் கழற்றினால் உள்ளேயிருந்து உப்பாகக் கொட்டும். நல்ல தொழில்தான்.

அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது என் கடையில்தான். ஆகஸ்டில் ஒரு நாள் போர்ச்சுக்கல் முதல் பிரிவின் புது சீசனை என் கடை டிவியில் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு அணிகள் ஆடுகிற லீக் அது. கோப்பை எப்போதும் இரண்டு மூன்று பெரிய அணிகளுக்குள்ளேதான் சுற்றும். பையன்கள் ஆளுக்கொரு பெரிய அணியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். சார்ஜர் வாங்க வந்த டிரைவரண்ணன் டிவியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஆட்டம் தொடங்குமுன் அந்த ஊரைக் காட்டினார்கள். துறைமுகம், வரிசையாகப் படகுகள், காய்கிற வலைகள்.

"ஏலே, அங்கன பாரு. வலை கிழிஞ்சு தொங்குது. இது நம்ம ஆளுகதான்" என்றார்.

அன்றைக்கு மஞ்சள் சட்டை போட்ட அந்தத் துறைமுகத்து அணி நாலு கோல் வாங்கித் தோற்றது. அந்த வருஷம்தான் கீழ்ப் பிரிவிலிருந்து மேலே வந்த சின்ன அணி. சீசன் முடியும்போது கடைசி இரண்டு இடத்தில் இருந்தால் திரும்பக் கீழே தள்ளிவிடுவார்கள். இது அத்தனையும் பையன்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்பச் சரி. நான் இவங்க பக்கம்" என்றார்.

"அந்தக் காலத்துல போர்ச்சுக்கல்காரன் வந்து ஒங்க ஆளுகளுக்கு ஞானஸ்நானம் குடுத்தான்ல, அந்தப் பாசமாண்ணே?" என்று சீண்டினேன்.

"அவன் வந்தது எந்தக் காலமோ, எனக்கு அவனத் தெரியாது. இவனுக தோக்குறானுக. அதான்."

சனிக்கிழமை காலை கடலுக்குப் போனால் ஞாயிறு காலைதான் அவர் படகு திரும்பும். மஞ்சள் அணியின் ஆட்டமோ பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வரும். ஆகவே ஆட்டத்தை நெட்டிலிருந்து இறக்கி வைப்பது என் வேலையாயிற்று. அது லேசான வேலையில்லை. இறக்குகிற கோப்பின் பெயரிலேயே முடிவைப் போட்டுத் தொலைத்திருப்பார்கள். பெயரை மாற்றி, கோப்பின்மேல் தெரிகிற படத்தை அழித்து வைக்க வேண்டும். இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று திரைக்கு அடியில் ஓடும் கோடு தெரியக் கூடாதென்று அவரே மருந்துப் பிளாஸ்திரி வாங்கி வந்து என் கம்ப்யூட்டரின் அடியில் நீளமாக ஒட்டிவிட்டார். மற்ற நாளில் நான் கணக்குப் பார்க்க அதை உரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஒட்ட வேண்டும். வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு ஒட்டுவேன்.

என் முகத்தையும் அவர் நம்பமாட்டார். "நீ அங்கிட்டுத் திரும்பி உக்காரு. ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்" என்பார். ஜெயித்திருந்தால் எனக்கு உதடு கோணுமாம், தோற்றிருந்தால் மூக்கைச் சொறிவேனாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்காமல் நேரே மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டார். பிரசங்கத்தில் சாமியார் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டே, "நம்ம டிரைவருக்கு இன்னைக்குப் பொறுமை ரொம்பத் தேவைப்படும்" என்று விளையாட்டாக விட்டுவிட்டார். கோயிலே சிரித்தது. இவர் எழுந்து கையைத் தூக்கிக்கொண்டே வெளியே போய்விட்டார். அந்த ஆட்டத்தைக் கடைசிவரை அவர் பார்க்கவேயில்லை. அடுத்த மூன்று வாரம் சாமியாரிடம் பேசவுமில்லை.

பந்தாட்டத்தில் மட்டும் என்றில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா ஒரு தடவை போனுக்கு உறை வாங்க வந்தபோது சொன்னார். மூத்தவன் அமல் பிறந்த அன்றைக்கு நர்ஸ் வெளியே வந்து வாயைத் திறந்ததும் இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். 'நீங்க சொல்லாதீங்க, நானே வந்து பாத்துக்கிறேன்' என்றாராம். மகள் பிளஸ் டூ முடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் வாயடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பலகையில் பார்த்துவிட்டு வந்தாராம்.

"ஏங்க்கா இப்படி?"

"இவரோட அண்ணன் கடல்ல காணாமப் போனப்ப எவனோ ஓடியாந்து, கெடச்சுட்டாருன்னு சொல்லிட்டான். வீட்டுல அடுப்பு மூட்டி எல்லாரும் சாப்புட்டாங்களாம். சாயங்காலம் பாத்தா கெடச்சது வேற ஆளு. இவருக்கு அப்பப் பத்துப் பன்னெண்டு வயசு. அதுலேருந்து வேற ஆளு வாய்ல முடிவக் கேக்க மாட்டாரு."

அதைக் கேட்ட பிறகு பிளாஸ்திரி ஒட்டும்போது நான் திட்டுவதில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் கடலுக்குப் போனால், கரை திரும்பும் நேரத்தில் படகின் வயர்லெஸ் செட்டை அணைத்துவிடுவார். மற்ற படகுக்காரர்கள் வேண்டுமென்றே அதில் ஸ்கோரைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்ற பயம். கூட வரும் ஆட்களும் அவர் இறங்கிப் போகும்வரை போனைத் திறக்கக் கூடாது. அமல் வேறொரு படகில் போய்க்கொண்டிருந்தான். அப்பனும் மகனும் ஒரே படகில் ஏறுவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சட்டும் என்றுதான். அவன் ஒருநாள் என் கடையிலேயே சொன்னான்: "அய்யா, செட்ட அணைக்காதீங்க. ஒரு அவசரம்னா?"

"எனக்கு என்னலே அவசரம்? கரைக்கு வாரேன், அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

கச்சத்தீவுத் திருவிழா முடிந்து இரண்டாவது வாரம். மஞ்சள் அணி அடியில் கிடந்தது. முந்தின நாள் ஆட்டத்தில் தோற்றிருந்தால் பெரும்பாலும் கதை முடிந்திருக்கும். ஞாயிறு விடிந்ததும் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். அடியில் குனிந்து அக்கா உள்ளே வந்தார். கையில் செபமாலை இருந்தது.

"தம்பி, அமல் போன படகுல தண்ணி ஏறி மூழ்கிருச்சாம். மூணு பேரத் தூக்கிட்டாங்க. இவன மட்டும் காணல."

அக்கா அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இவரு இப்பக் கரைக்கு வந்துருவாரு. செட்ட அணைச்சு வச்சுருக்காரு, ஒண்ணும் தெரியாது. துறையில யாரும் சொல்ல வேணாம்னு சொல்லிட்டேன். இங்கன வந்ததும் ஆட்டத்தப் போட்டு உக்கார வையி."

"சொல்ல வேணாமாக்கா? பெத்த அப்பா."

"சொன்னா என்ன செய்வாரு? ராத்திரி பூராத் தூங்காத மனுசன், படகத் திருப்பிக்கிட்டு ஒத்தையில போவாரு. போன வருசம்தான் நெஞ்சு வலின்னு மதுரையில படுத்துக் கெடந்தாரு. எத்தன படகு தேடிப் போயிருக்கு. தேடுறது ஒருத்தனோட இருக்கட்டும் தம்பி. ரெண்டு பேரத் தேட என்னால முடியாது."

சொல்லிவிட்டு வெளியே போய், பூட்டிக் கிடந்த பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

கொஞ்ச நேரத்தில் டிரைவரண்ணன் வந்தார். கை தூக்கியபடியே இருந்தது, துண்டு காதில் இருந்தது. "இன்னைக்குத் துறையே ஊமையாக் கெடக்கு. ஏலம்கூட இல்ல" என்றார். நான் அவர் சொல்லாமலே அங்கிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். என் மூஞ்சி என்ன காட்டிக்கொண்டிருந்ததோ எனக்குத் தெரியாது.

ஆட்டம் ஓடியது. மஞ்சள் அணி இருபதாவது நிமிஷத்தில் ஒரு கோல் போட்டது. மற்ற நாளாக இருந்தால் தொடையில் அடித்துக்கொண்டு, "ஏலே, டீ சொல்லு" என்பார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. என் போனைச் சத்தமில்லாமல் வைத்து மடியில் போட்டிருந்தேன். அது அசையுமா அசையுமா என்று தொடை முழுக்கப் புல்லரித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை அசைந்தது. ரீசார்ஜ் கேட்டு யாரோ. அந்த ஆள் அன்றைக்குக் கையில் கிடைத்திருந்தால் அடித்திருப்பேன்.

பாதி ஆட்டம் முடிந்தது. இடைவேளை விளம்பரங்களைத் தள்ளிவிடச் சொல்வது அவர் வழக்கம். தள்ளிவிட எழுந்தேன்.

"ஓடட்டும்" என்றார்.

"விளம்பரம்ணே."

"ஓடட்டும் தம்பி. என்ன அவசரம்."

பல்பொடி, கார், செருப்பு என்று எல்லா விளம்பரத்தையும் இமைக்காமல் பார்த்தார். ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று பாம்பன் பக்கம் போனது. அவர் திரும்பவில்லை. துண்டு முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். எழுந்து கத்திவிடலாமா என்று இரண்டு மூன்று தடவை வாய்வரை வந்துவிட்டது. படியில் உட்கார்ந்திருக்கும் அக்காவை நினைத்து விழுங்கினேன். இவர்மேல் கோபமாகவும் வந்தது. பெற்ற பிள்ளை கடலில் கிடக்கிறான், இங்கே ஒரு மனுஷன் எவனோ பந்து உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் பாதியில் எதிர் அணி விடாமல் நெருக்கியது. மஞ்சள்காரர்கள் பதினொரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே வெளியே அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வெளியே அக்காவின் போன் அடித்தது. அடித்தது நின்றது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் வரவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டார்.

டிரைவரண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் மேலே போனது. "சொல்லாத" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்த்தார். அது லேசில் அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தார். துண்டை எடுத்துவிட்டு, போனை அவர் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா" என்றது போன். எனக்கே கேட்டது. "அய்யா, நாந்தான். தங்கச்சிமடத்து வள்ளம் ஒண்ணு தூக்கிருச்சு. ஐஸ் பெட்டி மூடியப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நல்லாருக்கேன்யா. அய்யா? கேக்குதா?"

அவர் அப்படியே அக்காவின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். திரையில் ஆட்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன். ஷட்டருக்கு வெளியே போய் நானும் ஒரு பாட்டம் அழுதேன்.

திரும்பி உள்ளே வந்தபோது அவர் முகத்தைத் துடைத்திருந்தார். "எனக்குத் துறையிலேயே தெரியும்" என்றார். "ஸ்கோர மறைக்கிறவன் மூஞ்சியில ஒரு சிரிப்பு ஒளிஞ்சுருக்கும். இன்னைக்கு ஒருத்தன்ட்டயும் அது இல்ல. அவன் படகும் கரையில இல்ல."

"அப்புறம் ஏண்ணே கேக்கல?"

"கேட்டா முடிஞ்சிரும்ல தம்பி" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம் பாதி, எரிச்சல் பாதி இருந்தது.

அதோடு விட்டிருந்தால் அவர் திரும்பப் பழையபடி ஆகியிருப்பார். மறுநாள் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அமலைப் பார்க்கப் போனோம். உப்பில் ஊறி உதடெல்லாம் வெடித்திருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை. தண்ணீர் எப்படி ஏறியது, யார் முதலில் குதித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், "ஒங்க படகு லைட்டு தெரிஞ்சுச்சுய்யா. கிட்டத்தான் போனீங்க. செட்டுல கூப்புட்டுக்கிட்டே இருந்தேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

"என்னன்னு கூப்புட்ட?" என்று கேட்டார் அவர்.

"அய்யான்னுதான்."

அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. டிரைவரண்ணன் எழுந்து வெளியே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறையில் வழக்கம்போல எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் கை தூக்கவில்லை. துண்டு தலையில் இருந்தது. கரைக்கு இன்னும் பத்தடி இருக்கும்போதே, "ஏலே, என்னாச்சு? சொல்லுங்கலே" என்றார். கடைசியில் ஒரு பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுக்கு ஒண்ணு மாமா" என்றான். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் என் கடைக்கு வந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். கசாயம் குடிக்கிற மாதிரி பார்த்தார். கோல் விழும்போது கொட்டாவி விட்டார். பாதியில் நிறுத்திய அந்தப் பழைய ஆட்டத்தின் மிச்சத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிளாஸ்திரியை அவரே உரித்துப் போட்டுவிட்டார். எனக்கு வேலை மிச்சம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே ஒரு மாதிரி இருந்தது. வயர்லெஸ் செட்டோ அவர் படகில் அதன்பின் அணையவே இல்லை. பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்று கூட வருகிறவர்கள் புலம்பினார்கள்.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அமல் உடம்பு தேறி, தன்னைத் தூக்கிய அந்தத் தங்கச்சிமடத்து வள்ளத்திலேயே நண்டுவலைக்குப் போக ஆரம்பித்தான். வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிறவன் இல்லை.

மே மாதம் கடைசி ஆட்டம். மஞ்சள் அணி தோற்கக் கூடாது. தோற்றால் கீழே போய்விடும். சமன் செய்தால் போதும், தப்பிக்கும். நம் நேரத்துக்கு எட்டு மணிக்குத் தொடக்கம். தடைக்காலத்தில் மற்ற ஆட்டங்கள் நடுராத்திரிக்கு மேல்தான் வந்தன; சீசன் முழுக்க டிரைவரண்ணன் கரையில் இருக்கும்போது எல்லாரும் சேர்ந்து நேரடியாகப் பார்க்கிற நேரத்தில் வந்தது அது ஒன்றுதான். வாலிபர் மன்றத்தில் பெரிய திரை கட்டினார்கள். பெரிய அணிக்காரப் பையன்கள்கூட அவருக்காக மஞ்சள் சட்டை தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவர் வரவில்லை.

எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். மன்றத்துக்குப் பின்னால் படகுக்காரர் சங்கத்துக்கு ஒரு சின்ன அறை உண்டு, கரையின் வயர்லெஸ் செட் அங்கேதான் இருக்கிறது. அமல் கடலுக்குப் போகிற நாளெல்லாம் அவர் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போனேன். பையன்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்தார்கள்.

"அண்ணே, ரெண்டுக்கு ரெண்டு. இன்னும் பத்து நிமிசம். வாங்கண்ணே."

"முடியட்டும். முடிஞ்சதும் வந்து சொல்லு."

"இதுக்காகத்தானண்ணே இந்த வருசம் பூரா காதக் கட்டிக்கிட்டு அலைஞ்சீங்க?"

"அலைஞ்சது போதும்" என்றார். செட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் வெறும் இரைச்சல்தான் வந்துகொண்டிருந்தது. பையன்கள் திரையைப் பார்க்கத் திரும்பி ஓடினார்கள். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. வாசலிலேயே நின்றேன். மன்றத்திலிருந்து பையன்கள் ஓவென்று கத்துவதும் அடங்குவதுமாக இருந்தது. பிறகு ஒரு பெரிய சத்தம். அது கோலா, ஆட்டமே முடிந்துவிட்டதா, யாருக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பையன் அங்கேயிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மாமா..."

அந்த நேரம் பார்த்து செட் கரகரத்தது. "அய்யா, அய்யா. கேக்குதா?"

அவருடைய வலது கை மேலே போனது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பார்த்தேன். "சும்மா இருங்கலே. அவன் பேசுறான்" என்றார். ஓடிவந்த பையன் வாயில் முடிவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவர் மைக்கை எடுத்தார்.

"கேக்குது. சொல்லு."

"வலை விட்டாச்சுய்யா. திரும்புறோம். கடல் நல்லாருக்கு." கொஞ்சம் இரைச்சல். பிறகு, "மஞ்சக்காரன் என்னானான்?"

டிரைவரண்ணன் திரும்பிப் பையனைப் பார்த்தார். அவன் முகத்தில் ஏதாவது ஒளிந்திருந்ததோ என்னவோ, சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அங்கிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"தெரியல" என்றார் மைக்கில். "நானும் பாக்கல. நீ கரைக்கு வா, நம்ம கடையில போட்டுச் சேந்து பாப்போம். வார வழியில எவன் என்ன சொன்னாலும் காதுல வாங்காத."

"சரிய்யா."

"ஏலே அமலு."

"சொல்லுங்கய்யா."

"செட்ட மட்டும் அணைச்சுறாத."